மூன்று பேராக நிற்கும் படம்

குமாரசாமிக்கு,

நலம் விசாரிப்பதெல்லாம் இருக்கட்டும். கல்யாணம் நிச்சயமான பையன் நலமாகத்தான் இருப்பான். உன் கடிதம் வந்தது. வடலூரில் சத்திரம் பேசி முடித்தாயிற்று, உங்களுக்கு வேட்டி சட்டை நானே வாங்கி வருகிறேன், அம்மா இருக்கிற அந்தப் படத்தை மட்டும் கண்ணாடி உடையாமல் துணியில் சுற்றி எடுத்து வாருங்கள், தாலி கட்டியதும் நானும் பெண்ணும் அதன் முன்னால் விழுந்து கும்பிட வேண்டும் என்று எழுதியிருந்தாய். வேட்டி வேண்டாம், இருக்கிறதே போதும். படத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீ எதிரே இருந்தால் பாதியிலேயே "சரிப்பா, வுடுங்கப்பா" என்று எழுந்து போய்விடுவாய். கடிதத்தை அப்படி நிறுத்த முடியாது. இடையில் மடித்து வைத்தாலும் மீதியைப் படிக்காமல் உனக்குத் தூக்கம் வராது என்று எனக்குத் தெரியும்.

இப்போது எல்லோரும் உன்னைக் குமார் என்றுதான் கூப்பிடுகிறார்களாம். கடிதத்திலும் அப்படியேதான் கையெழுத்துப் போடுகிறாய். பெயரில் பாதியை நீ வெட்டிக்கொண்டபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மெட்ராஸ் கம்பெனியில் நீளமான பெயர் யார் வாயிலும் நுழையாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வெட்டுகிற கை அதோடு நிற்காது என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

போன ஆடியில் லீவில் வந்தவன் சுவரிலிருந்த பழைய படத்தைக் கழற்றி, வாசல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாய். கண்ணாடிக்குள்ளே கரித்தூள் இறங்கியிருந்தது. இந்த நிலக்கரி மைன்ஸ் குவார்ட்டர்ஸில் எதற்குள்தான் அது இறங்கவில்லை, சோற்றுப் பானைக்குள்ளேயே இறங்குகிறது. மழைக்குச் சுவர் ஊறி, படத்தின் மேலே பழுப்புக் கறை படர்ந்திருந்தது. கீழ் மூலையை ராமபாணப் பூச்சி கொஞ்சம் அரித்திருந்தது. இப்படியே விட்டால் இரண்டு வருஷத்தில் வெறும் அட்டைதான் மிஞ்சும் என்றாய். மெட்ராஸில் பழைய படத்தை மறுபடி படம் பிடித்துப் பெரிதாக்கி, உதிர்ந்த இடத்தை மையால் நிரப்பி, புதிதாகவே பண்ணிக் கொடுக்கிறார்கள் என்றாய். இனிமேல் எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குப் பாடமும் நடத்தினாய். ஈரச்சுவரில் மாட்டக் கூடாது, வெயில் படக் கூடாது, பின்னால் காய்ந்த வேப்பிலை போட்டு வைக்க வேண்டும். எனக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று. அன்றைக்கு ஷிப்டில் கன்வேயர் ஓரம் மண் வாருகிற ஆட்கள் அத்தனை பேரிடமும் சொன்னேன், எம் புள்ள அவன் அம்மாவை மறக்கல என்று. அதைச் சொன்ன வாயை இப்போது என்ன செய்வது.

அந்தப் படம் எடுத்த நாள் உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது. இருக்கிறதை நீ வைத்துக்கொள்வாய் என்ற நம்பிக்கை எனக்கு இப்போது இல்லை, அதனால் எழுதி வைக்கிறேன். மைன்ஸுக்காக நம் ஊரைக் காலி செய்வதற்கு முந்திய தைப்பூசம். ஊரைப் பற்றி எனக்கு ஏக்கம் ஒன்றும் கிடையாது. அங்கே நமக்கு ஒரு குழி நிலம் இருந்ததா, கிணறு இருந்ததா. அடுத்தவன் வயலில் குனிந்த முதுகு நிமிர்ந்ததே இங்கே வந்து பெர்மனென்ட் ஆன பிறகுதான். ஆனாலும் அங்கே வாழ்ந்தோம் என்பதற்கு இன்று ஒரு மண்சுவர்கூட மிச்சமில்லை, இருந்த இடம் பள்ளமாகி, அந்த மண் வேறெங்கோ மலையாகக் கிடக்கிறது. உன் அம்மா நடந்த தெருவைக் காட்டு என்று யாராவது கேட்டால் காட்ட ஒரு இடம் இல்லை. அந்த ஒரு படம்தான் இருந்தது.

வடலூரில் ஜோதி பார்த்துவிட்டுத் திரும்பும்போது வழியில் படம் பிடிக்கிற கொட்டகை போட்டிருந்தார்கள். பின்னால் பங்களாவும் படிக்கட்டும் எழுதின படுதா. நீதான் கையைப் பிடித்து இழுத்தாய். படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்று உன் அம்மா பயந்தாள். நீ புழுதியில் உட்கார்ந்து அழுத அழுகையில் அவள் பயம் ஓடிப்போயிற்று. படக்காரர் அவளை நாற்காலியில் உட்காரச் சொன்னார். அவள் அதுவரைக்கும் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை, நுனியில்தான் உட்கார்ந்தாள். பக்கத்தில் நான், அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நீ. உன் அக்கா அஞ்சலை வெளியே கட்டுச்சோற்று மூட்டையோடு நின்றாள். பார்த்துக்கொள் என்று அவளை அங்கே நிறுத்தினவன் நான்தான். படக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டதும் உன் அம்மா எழுந்துவிட்டாள்.

"மூணு பேரா நின்னுகினு படம் புடிச்சா ஒருத்தருக்கு ஆவாதுங்க. எம் பொண்ணு வெளிய நிக்கிது. அது வந்தாதான் நான் உக்காருவேன்."

அஞ்சலை மூட்டையோடு உள்ளே வந்தாள். கறுப்புத் துணியைப் பார்த்து மிரண்டு கொட்டகையை விட்டு ஓடப் பார்த்தவளை, உன் அம்மா தன் வலது கையால் தோளைப் பிடித்து அழுத்தி நிறுத்தினாள். அசையக் கூடாது என்று படக்காரர் சொன்னதால் அந்தக் கையை அப்படியே வைத்திருந்தாள். நாம் நாலு பேரும் ஒன்றாக நின்ற படம் அது ஒன்றுதான்.

தீபாவளிக்கு நீ புதுப் படத்தோடு வந்து இறங்கினாய். பெரிய சட்டம், பளபளவென்று கண்ணாடி. பழைய படத்தில் என் தோளில் துண்டு மட்டும்தான் கிடந்தது. புதுப் படத்தில் எனக்குக் கோட்டு. விளக்குமாற்றுக்குப் பட்டுக்குஞ்சம் கட்டின மாதிரி நிற்கிறேன். உன் காலில் செருப்பு முளைத்திருந்தது. போகட்டும், நாம் உயிரோடு இருக்கிறவர்கள், நமக்கு என்ன வேஷம் போட்டால் என்ன. உன் அம்மாவை என்ன செய்திருந்தார்கள் தெரியுமா. ரவிக்கை போடாமல் சேலையை இழுத்துச் சுற்றியிருந்த தோளில் பூப்போட்ட ரவிக்கை. வேப்பங்குச்சி சொருகியிருந்த காதில் கல் வைத்த கம்மல். கம்மல் விற்றுப் போன பிறகு, ஓட்டை தூர்ந்துபோனால் மறுபடி போட முடியாதே என்று அவள் சாகிறவரை அந்தக் குச்சியை வைத்துக்கொண்டிருந்தாள். அவள் இருக்கும்போது நானும் போடவில்லை, நீயும் சம்பாதித்துப் போடுகிற காலம் வரவில்லை. யாரோ ஒரு ஸ்டுடியோக்காரன் தூரிகையால் போட்டுவிட்டான். இதையெல்லாம்கூட நான் ஆசை என்றுதான் எடுத்துக்கொண்டேன். அம்மாவை நகையோடு பார்க்க எந்தப் பிள்ளைக்குத்தான் ஆசை இருக்காது.

அஞ்சலை எங்கே என்று கேட்டேன். "அந்தப் பக்கந்தாம்பா பூச்சி நல்லா அரிச்சுடுச்சு. ஒண்ணும் பண்ண முடியலன்னுட்டாங்க" என்றாய். பழைய படத்தைக் கேட்டதற்கு, அது உதிர்ந்து போயிற்று, ஸ்டுடியோவிலேயே போட்டுவிட்டார்கள் என்றாய். கண் இமைக்காமல் சொன்னாய். அந்த மூலையில் பூச்சி அரித்திருந்ததை நானும் பார்த்திருந்ததால் நம்பினேன். நீ மெட்ராஸ் போன பிறகு முத்தாண்டிக்குப்பத்துப் புருஷன் வீட்டிலிருந்து அஞ்சலை பலகாரம் எடுத்துக்கொண்டு வந்தாள். படத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். "யாருப்பா இந்த அம்மா? நம்ம அம்மா கணக்காத்தான் இருக்குது. அம்மா கை இப்பிடியா இருக்கும்?" என்றாள். தன்னைக் காணோமே என்று அவள் தேடினது எனக்குத் தெரிந்தது. பூச்சி கதையை அவளிடமும் சொன்னேன். சிரித்தாள். "பூச்சிக்குக்கூட என்னியத்தான் புடிச்சிருக்குது பாரு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அப்புறம் உன் மாமனார் ஆகப் போகிறவர் வந்தார். நல்ல மனிதர், சேலம் பக்கத்து ஆள், நம்மவர், ஸ்டோர்ஸில் கிளார்க். அவரைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. காப்பித் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு படத்தைப் பார்த்தார். "ஒரே பையங்கிறது ஒரு கொடுப்பினைங்க. எம் பொண்ணுக்கு நாத்தனார் தொல்லை இல்ல பாருங்க" என்று சிரித்தார். நாத்தனார் முடிச்சுக்குக்கூட மாப்பிள்ளையே ஏற்பாடு பண்ணிவிட்டாராம், சிநேகிதருடைய தங்கை மெட்ராஸிலிருந்து வருகிறாளாம் என்றார். அவர் மறுபடி படத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கோட்டுப் போட்டுக்கொண்டு உன் பொய்க்குச் சாட்சி சொல்லிக்கொண்டு நின்றவன் நான். பெண்ணைக் கொடுக்கப் போகிற மனிதரிடம், நீர் பார்த்த மாப்பிள்ளை பொய்யன் என்று பெற்றவன் வாயால் எப்படிச் சொல்வதடா.

அவர் போனதும் படத்தைக் கழற்றினேன். உடைத்துப் போடலாம் என்றுதான் கழற்றினேன், பொய் சொல்லவில்லை. பின்பக்கம் அட்டை புடைத்துக்கொண்டிருந்தது. சட்டம் போடுகிறவர்கள் படம் ஆடாமல் இருக்க, கையில் கிடைத்த அட்டைத் துண்டைப் பின்னால் முட்டுக் கொடுத்து ஆணி அடிப்பார்கள். ஆணியைப் பிடுங்கிப் பார்த்தால் உள்ளே மடித்து வைத்திருந்தது அஞ்சலை. முகம் முழுசாக இருக்கிறது. மிரண்ட கண், எண்ணெய் காணாத தலை, இடுப்பில் மூட்டை, எல்லாம் இருக்கிறது. பூச்சி அரித்தது கீழே அந்த மூட்டையின் ஓரத்தை மட்டும்தான். மேலிருந்து கீழ்வரை கத்தரி போன கோடு, ஒரு பிசிறு இல்லை. பூச்சிக்கு எதைத் தின்னலாம் எதை விடலாம் என்று தெரியாது. உனக்குத் தெரிந்திருந்தது. மீதிப் படத்தை என்ன செய்தாய் என்று நான் கேட்கப் போவதில்லை. உனக்கு வேண்டாதது எதுவோ அதுதான் எனக்குக் கிடைத்திருக்கிறது.

அந்தத் துண்டில் அஞ்சலை மட்டும் இல்லை. அவள் தோளில் உன் அம்மாவின் கை இருக்கிறது. மணிக்கட்டு வரைக்கும் இருக்கிறது. கதிர் அறுக்கும்போது அரிவாள் பட்டுக் கோணிப்போன அந்தச் சுண்டுவிரல் அப்படியே தெரிகிறது. அக்காவை வெட்டினால் அம்மாவின் கையும் சேர்ந்து போகும் என்று கத்தரி வைத்தவனுக்குத் தெரியாமலா இருந்திருக்கும். மொட்டைக் கையோடு விட முடியாதே, அதனால் மடிமேல் வளையல் போட்ட ஒரு கையை எழுதி வைத்திருக்கிறார்கள். நாளைக்கு மணமேடையில் நீ விழுந்து கும்பிடப் போகிற படத்தில் உன்னை ஆசீர்வதிக்கிற கை யாரோ ஒரு பெண்பிள்ளையின் கை. உன்னைக் குளிப்பாட்டின கை இங்கே என் தலைமாட்டில் இருக்கிறது.

ஏன் வெட்டினாய் என்பது தெரியாத அளவுக்கு நான் மடையன் இல்லை. டவுன்ஷிப்புக்கு வந்த கொஞ்ச நாளிலேயே உன் அம்மா காய்ச்சலில் போனாள். எனக்கு அப்போது கான்ட்ராக்ட் வேலை, இருந்தால் உண்டு. நீ பள்ளிக்கூடத்தை விடக் கூடாது என்று அஞ்சலைதான் சொன்னாள், நான் சொல்லவில்லை. அவள் பாத்திரம் துலக்கப் போன பிளாக்கில்தான் உன் மாமனார் வீடு. அந்த வீட்டிலேயே துலக்கியிருக்கிறாள். உன் மாமியார் கொடுத்த பழைய பாவாடையைக் கட்டியிருக்கிறாள். மீந்த சாம்பாரைத் தூக்குவாளியில் வாங்கி வந்து, சூடு பண்ணி, உனக்குப் போட்டுவிட்டுத்தான் மிச்சத்தைத் தான் சாப்பிட்டாள். நீ அதைச் சாப்பிட்டுத்தான் பரீட்சைக்குப் படித்தாய். மாப்பிள்ளை விருந்து இனிமேல்தான் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நீ அந்த வீட்டில் எப்போதோ கை நனைத்துவிட்டாய்.

அவளைப் பார்த்தால் மாமியார் அடையாளம் கண்டுகொள்வார், வேலைக்காரியின் தம்பிக்கா பெண்ணைக் கொடுத்தோம் என்று நினைப்பார் என்பது உன் பயம். கண்டுகொள்ளட்டுமே. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் எத்தனை நாள் மறைப்பாய். பிளாக்குக்கு பிளாக் ஆள் தெரிகிற ஊர் இது. நாளைக்கு உனக்கு ஒரு குழந்தை பிறந்தால் பேர் வைக்க அத்தை எங்கே என்று கேட்பார்கள். அதற்கும் மெட்ராஸிலிருந்து சிநேகிதன் தங்கையைக் கூட்டி வருவாயா. வாழப் போகிற பெண்ணிடம் முதல் நாளே பொய்யைக் கொடுத்துக் குடித்தனம் வைக்காதே. அவள் வீட்டார் நல்லவர்கள். உண்மை தெரிந்தால் அஞ்சலை பாத்திரம் துலக்கினதற்காக வருத்தப்பட மாட்டார்கள். நீ மறைத்ததற்காகத்தான் வருத்தப்படுவார்கள். அப்போது உனக்காகப் பேச நான் வர மாட்டேன்.

இப்போது நான் சொல்ல வேண்டியது. நீ முத்தாண்டிக்குப்பம் போ. தட்டில் வெற்றிலை பாக்கும் மஞ்சளும் பத்திரிகையும் வைத்து உன் அக்காவையும் மாமாவையும் முறையாக அழை. மூன்று முடிச்சில் முதல் முடிச்சுதான் உன்னுடையது, மற்ற இரண்டும் அவளுடையது. போக முடியாது என்றால் நானும் சத்திரத்துக்கு வரப் போவதில்லை, படமும் வராது. மூன்று பேராக நின்றால் ஒருவருக்கு ஆகாது என்றாள் உன் அம்மா. நீ மூன்று பேராக நிறுத்திவிட்டாய். அந்த ஒருவன் நானாகவே இருந்துவிட்டுப் போகிறேன். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று அவர்களிடம் சொல்லிக்கொள், பொய் சொல்ல நான் ஒன்றும் உனக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை.

அஞ்சலையிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அந்தத் துண்டையும் காட்டவில்லை. தம்பிக்கு லீவு கிடைத்திருக்காது, பொங்கலுக்கு வரும்போது பத்திரிகை வைப்பான் என்று அவளாகவே சொல்லிக்கொண்டிருக்கிறாள். நேற்று அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் முந்திரிக்கொட்டை மூட்டை கட்டினபடி அப்படியே கிடந்தது. கொட்டை உடைப்பதை நிறுத்திவிட்டாளாம். ஏன் என்றதற்குக் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். கொட்டையின் எண்ணெய் பட்டுப்பட்டு அந்தக் கை வெந்து கறுத்திருப்பது உனக்குத் தெரியும். அந்தக் கறை போகத் தினமும் தேங்காய் எண்ணெய் தடவி, புளியும் எலுமிச்சம்பழமும் வைத்துத் தேய்க்கிறாளாம். தாலியில் முடிச்சுப் போடும்போது எல்லோரும் கையைத்தானே பார்ப்பார்கள், தம்பிக்குத் தலைகுனிவாகப் போய்விடக் கூடாது என்றாள். அப்புறம் வெளிச்சத்துக்கு வந்து, சின்னப் பிள்ளை மாதிரி இரண்டு கையையும் விரித்து என் முன்னால் நீட்டினாள்.

"கறுப்பு போயிருச்சாப்பா, பாரு."

தேய்த்துத் தேய்த்துத் தோல் உரிந்து சிவந்திருந்தது. அதற்குக் கீழே கறுப்பு அப்படியே இருந்தது. போயிருச்சும்மா என்று சொல்லிவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டேன். அவளிடம் நான் சொன்ன அந்தப் பொய்யை உண்மையாக்குவதும் விடுவதும் இனி உன் கையில் இருக்கிறது.